வீட்டுக் கணக்கும் வட்டிக் கணக்கும்

“ரீ.ஓ. வேலையை விட்டுப்போட்டு வட்டிக் கணக்கு எழுதப் போறியோ? உனக்கென்ன விசரோ பிள்ளை?”

2015ஆம் ஆண்டு தைப்பொங்கல் முடிந்த கையோடு என் பெரியம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் கேட்டதில் பிழை இல்லை. எங்கள் ஊர்காவற்றுறையில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, அளவு நாடாவும் கையுமாகக் கட்டட வேலைகளைப் பார்வையிட்டுத் திரிந்த பெண்கள் அன்று மிகச் சிலரே. நான் பட்டம் பெற்ற பொறியியலாளர் அல்ல. கட்டட நிர்மாணத்தில் டிப்ளோமா முடித்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் மட்டுமே. ஆனால் ஊரில் எல்லோருக்கும் நான் “எஞ்சினியர் பிள்ளை”தான். அந்தப் பெயரை விட்டுவிட்டு, கடனுதவுச் சங்கம் ஒன்றின் சிறிய அறையில் பேரேட்டுக்கு முன்னால் போய் அமர்ந்தேன்.

அன்பான சகோதரிகளே, ஒரு தொழிலை விட்டு இன்னொரு தொழிலுக்குப் போவது பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது முதலில் தயங்கினேன். இதில் என் பெருமையைச் சொல்ல ஒன்றுமில்லை. நான் தொழில் மாறியதற்குக் காரணமே நான் விட்ட ஒரு பிழைதான். அந்தப் பிழையை எழுதினால் யாராவது ஒரு சகோதரிக்காவது உதவும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

இடிந்த வீடுகளின் நடுவே

எங்கள் ஊர் ஒரு காலத்தில் பாய்க்கப்பல்கள் வந்துபோன துறைமுகம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் யானைகளைக் கப்பலேற்றிய துறை இது. கடலின் நடுவே கடற்கோட்டை இன்றும் நிற்கிறது. ஆனால் எங்கள் தலைமுறைக்குத் தெரிந்த ஊர்காவற்றுறை வேறு. 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதி மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தோம். 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்தும் மூட்டை முடிச்சுகளுடன் நடந்தோம். திரும்பி வந்து பார்த்தபோது கூரை இல்லை, கதவு இல்லை, நிலைகள் இல்லை. சுவர்களுக்குள் நாயுண்ணியும் எருக்கலையும் வளர்ந்து நின்றன.

அந்தக் காட்சிதான் என்னைக் கட்டடப் படிப்புக்கு இழுத்தது. உயர்தரத்தில் கணிதம் படித்தேன். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தேன். அத்திவாரம் எவ்வளவு ஆழம், கொங்கிறீற்றில் சீமெந்துக்கு எத்தனை பங்கு மணல், எத்தனை பங்கு சல்லி, கம்பிக்கு எவ்வளவு மூடு கனம் விடவேண்டும் என்றெல்லாம் படித்தேன். எங்கள் தீவுகளில் இது மிகவும் முக்கியம். கிணற்று நீர் பல இடங்களில் உவர். உவர் நீரில் கொங்கிறீற் குழைத்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கி, சில வருடங்களில் பீமே வெடித்துவிடும்.

போர் முடிந்த பின் வீட்டுத்திட்டங்கள் வந்தன. வடக்குக் கிழக்கில் இந்திய வீட்டுத்திட்டத்தில் மட்டும் 46,000 வீடுகள். புதிய வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா பயனாளியின் வங்கிக் கணக்குக்கே தவணை தவணையாகப் போனது. அது தவிர வேறு பல திட்டங்களும் இருந்தன. பெரும்பாலானவற்றில் வீட்டுக்காரரே முன்னின்று கட்டவேண்டும். அத்திவாரம், சுவர் மட்டம், கூரை மட்டம் என்று ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து ஒப்பமிட்டால்தான் அடுத்த தவணை. அந்த ஒப்பத்தை இடுகிற வேலைதான் எனக்கு.

ஒரு அறை கூட்டிப் போட்ட கதை

2013இல் நான் பார்த்த வீடுகளில் ஒன்று ஒரு அக்காவுடையது. கணவர் காணாமற்போனவர். ஒரு மகன், ஒரு மகள். நண்டு தெரிக்கும் வேலைக்குப் போவார். காற்றுக் காலத்தில் வேலை இல்லாவிட்டால் கருவாடு வாங்கி விற்பார்.

அத்திவாரம் வெட்டிய அன்று அவர் என்னிடம் கேட்டார்: “பிள்ளை, இன்னொரு அறை கூட்டிப் போட்டால் என்ன? குமர்ப்பிள்ளை ஒன்று இருக்குதல்லோ.”

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். கல், சீமெந்து, மணல், மேசன் கூலி, மேல் மரம், ஓடு எல்லாம் சேர்த்து ஒரு இலட்சத்து எண்பதினாயிரம் ரூபா. அத்திவாரத்தை எங்கே நீட்டுவது என்று நூல் பிடித்தும் காட்டினேன். “காசு இருக்கோ அக்கா?” என்று கேட்டேன். “பார்த்துக்கொள்ளலாம் பிள்ளை” என்றார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. என் வேலை கட்டடம், காசு அவருடைய பாடு என்று நினைத்தேன்.

அடுத்த ஒப்பத்துக்குப் போனபோது சுவர் நிமிர்ந்து நின்றது. கூரை ஒப்பத்துக்கு அவர் என்னை அழைக்கவேயில்லை. மாதங்கள் கழிந்தன. நானே தேடிப் போனேன். வீட்டின் முன்பகுதிக்கு ஓடு போட்டிருந்தது. கூட்டிப் போட்ட அறை வானம் பார்த்தபடி கிடந்தது. உள்ளே சத்தம் கேட்டது, ஆனால் கதவைத் திறக்க யாரும் வரவில்லை. “அக்கா, நான்தான்” என்ற பிறகுதான் மகள் எட்டிப் பார்த்தாள். அன்று செவ்வாய்க்கிழமை. கிழமைக் காசு வாங்க வருபவர்கள் என்று நினைத்து ஒளித்திருந்தார்கள்.

மூன்று இடங்களில் கடன். ஒன்றுக்குக் கிழமைக்கு 1,150 ரூபா, இன்னொன்றுக்கு 900, மற்றதற்கு 1,300. மொத்தம் கிழமைக்கு 3,350. மாதத்துக்கு ஏறத்தாழ 14,500 ரூபா. நல்ல மாதத்தில் அவர் கையில் வரும் காசு 18,000. காற்றுக் காலத்தில் அதில் பாதியும் இல்லை. ஒரு கடனைக் கட்ட மற்றக் கடன் எடுத்திருந்தார். தோடும் சங்கிலியும் அடகில் இருந்தன. மகள் பாடசாலைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள்.

குறை அந்த வீட்டுத்திட்டத்தில் இல்லை. அது தருவதாகச் சொன்ன அளவுக்கு வீடு கட்டியிருந்தால் வீடு முடிந்திருக்கும். குறை என் மதிப்பீட்டில்தான். அதில் கல்லுக்கும் மண்ணுக்கும் இடம் இருந்தது, வட்டிக்கு ஒரு வரி இருக்கவில்லை. அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அப்படி எத்தனை வீடுகளில் நான் நூல் பிடித்துக் காட்டினேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

அந்தக் கணக்கு எப்படி ஏமாற்றுகிறது?

அடுத்த நாள் அக்காவின் கடன் அட்டைகளை வாங்கிவந்து கணக்குப் பார்த்தேன். நான் கண்டதை ஒரு இலகுவான உதாரணமாகத் தருகிறேன். பேனையும் கடதாசியும் எடுத்து நீங்களும் செய்து பாருங்கள்.

60,000 ரூபா கடன். வருடத்துக்கு 24 வீத வட்டி. 12 மாதத்தில் கட்டி முடிக்கவேண்டும்.

முதலாவது முறையில் 60,000க்கு 24 வீதம் 14,400 ரூபா. அதையும் முதலோடு கூட்டி 74,400 ஆக்கி, 12ஆல் பிரித்து மாதம் 6,200 ரூபா கட்டச் சொல்வார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும். இதை நிலையான வட்டி என்பார்கள்.

இரண்டாவது முறையில் மாதம் 5,000 ரூபா முதலில் கழியும். மீதி நிற்கும் முதலுக்கு மட்டும் மாதம் 2 வீதம் வட்டி. முதல் மாதம் 60,000க்கு 1,200 ரூபா. இரண்டாம் மாதம் 55,000க்கு 1,100. மூன்றாம் மாதம் 1,000. இப்படியே குறைந்து கடைசி மாதம் 100 ரூபா. எல்லாவற்றையும் கூட்டுங்கள், 7,800 ரூபா வரும். இது குறைந்து செல்லும் மீதிக்கான வட்டி.

இரண்டிலும் “24 வீதம்” என்றுதான் சொல்லப்படுகிறது. ஆனால் ஒன்றில் வட்டி 14,400, மற்றதில் 7,800. ஏன் இந்த வித்தியாசம்? முதலாவது முறையில், நீங்கள் ஏற்கெனவே திருப்பிக் கட்டிய காசுக்கும் கடைசி மாதம் வரை வட்டி வாங்குகிறார்கள். உண்மையில் அந்தக் கடனின் வட்டி வருடத்துக்கு 40 வீதத்தைத் தாண்டுகிறது. இதைவிட ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முதலிலேயே கழித்துக்கொண்டு கொடுத்தால் இன்னும் கூடும்.

இந்தக் கணக்குக்கு எட்டாம் வகுப்புப் படிப்பே போதும். ஆனால் அதை எங்கள் பெண்களுக்கு யாரும் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றுதான் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. அத்திவாரம் பார்த்துச் சொல்ல ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். இதைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை.

முன்னே போனவர்கள்

பொறியியலில் இருந்து நிதித்துறைக்குப் போவது உலகத்தில் புதிதல்ல. இரண்டுக்கும் அடிப்படை கணக்கு. பாரம் எவ்வளவு, தாங்கும் வலு எவ்வளவு, எங்கே முறியும் என்று பார்ப்பது பொறியியல். வருமானம் எவ்வளவு, பொறுப்பு எவ்வளவு, எப்போது முறியும் என்று பார்ப்பது நிதி.

ரகுராம் ராஜனின் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1963இல் இந்தியாவின் போபாலில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். டெல்லி ஐ.ஐ.ரி.யில் மின் பொறியியல் படித்து 1985இல் பட்டம் பெற்றார். பிறகு அகமதாபாத்தில் முகாமைத்துவம் படித்தார். 1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி.யில் வங்கித்தொழில் பற்றி ஆராய்ந்து கலாநிதியானார். 2003 முதல் 2006 வரை சர்வதேச நாணய நிதியத்தின் தலைமைப் பொருளியலாளராக இருந்தார். 2005இல் பெரிய வங்கியாளர்கள் கூடிய ஒரு மாநாட்டில், புதிய நிதி முறைகள் ஆபத்தைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கவும் கூடும் என்று எச்சரித்தார். அன்று அதைப் பலர் ஏற்கவில்லை. மூன்று வருடத்தில், 2008இல், உலக நிதி நெருக்கடி வந்தது. 2013 முதல் 2016 வரை அவர் இந்திய ரிசேர்வ் வங்கியின் ஆளுநராக இருந்தார். சிறிய வருமானக்காரருக்கான சிறு நிதி வங்கிகளைத் தொடங்க 2015இல் பத்து நிறுவனங்களுக்குக் கொள்கையளவில் அனுமதி கிடைத்தது அவருடைய காலத்தில்தான்.

இன்னொருவர் கொழும்பில் பிறந்த ராஜ் ராஜரட்ணம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, 1983இல் அமெரிக்காவில் வணிக முகாமைத்துவ முதுமாணிப் பட்டம் பெற்று, வங்கியில் சேர்ந்து, 1997இல் கலியன் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கிப் பெரும் செல்வந்தரானவர். கம்பனிகளின் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியங்களைப் பெற்றுப் பங்கு வியாபாரம் செய்தார் என்று 2009இல் கைது செய்யப்பட்டார். 2011இல் 14 குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 11 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் வெளியே வந்தார்.

இருவரும் பொறியியல் படித்தவர்கள், இருவரும் கணக்கில் கெட்டிக்காரர். கணக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, மற்றவரின் காசைத் தொடுகிறவருக்கு அதைவிட வேறொன்றும் வேண்டும் என்பதைச் சொல்லவே இருவரையும் சேர்த்து எழுதினேன்.

பெண்களில் ஒருவரையும் சொல்லவேண்டும். குஜராத்தைச் சேர்ந்த இலா பட் படித்தது சட்டம். தெருவில் காய்கறி விற்கும் பெண்களும் கூலிப் பெண்களும் வட்டிக்காரரிடம் படும் பாட்டைக் கண்டு, 1974இல் அவர்களுக்கென்றே சேவா வங்கியைத் தொடங்கினார். 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபா பங்கு போட்டார்கள்.

எங்கள் யாழ்ப்பாணத்திலும் இந்த வழி உண்டு. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்த வீரசிங்கம் அவர்கள் கூட்டுறவு இயக்கத்துக்கு வந்து அதை வளர்த்தவர். யாழ் நகரில் உள்ள வீரசிங்கம் மண்டபம் அவருடைய பெயரில்தான் நிற்கிறது. ஊருக்கு ஊர் இருந்த சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள், எங்கள் காசை நாங்களே சேர்த்து எங்களுக்குள்ளேயே கடன் கொடுக்க எழுந்தவை. அந்தச் சங்கம் ஒன்றில்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

மாறியபோது பட்ட பாடு

அது இலகுவாக இருந்தது என்று சொன்னால் பொய். முதலாவது இடி சம்பளம். தொழில்நுட்ப வேலையில் வாங்கியதில் பாதியே கிடைத்தது. அம்மாவும் நானும்தான் வீட்டில். போக்குவரத்துக்கு வைத்திருந்த மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டுச் சைக்கிளுக்கு மாறினேன்.

இரண்டாவது, எனக்குக் கணக்குத் தெரியும் என்ற நினைப்பு. கணிதம் வேறு, கணக்கியல் வேறு என்பது முதல் மாதமே விளங்கிவிட்டது. வரவு, செலவு என்று வீட்டில் சொல்வதும் பேரேட்டில் எழுதுவதும் ஒன்றல்ல. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் இரண்டு இடத்தில் பதியவேண்டும். முதல் மாத முடிவில் பரீட்சை மீதி 75 ரூபா பொருந்தவில்லை. இரண்டு இரவுகள் தேடினேன். கடைசியில் ஒரு அம்மாவின் சேமிப்பு 125 ரூபாவை 50 என்று பதிந்திருந்தேன். சங்கத்தின் பழைய காசாளர் ஐயா சிரித்துக்கொண்டு சொன்னார்: “பிள்ளை, சுவர் அரை இஞ்சி சரிஞ்சால் பூசி மறைக்கலாம். இது அரைச் சதம் சரிஞ்சாலும் தெரியும்.”

மூன்றாவது, வயது. நாற்பதை நெருங்கும் வயதில் இருபது வயதுப் பிள்ளைகளுடன் வாங்கில் அமர்ந்து கணக்கியல் வகுப்புக்குப் போனேன். சனிக்கிழமைகளில் காலையில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், மாலை வந்து சேர இருட்டிவிடும். முதல் தடவை ஒரு பாடத்தில் தவறினேன். அன்று பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுப் போனார். அது எனக்குத் தெம்பாக இருந்தது.

பழைய தொழில் கைகொடுத்தது

பழைய படிப்பு வீணாகிவிட்டதா என்று கேட்பார்கள். இல்லை. ஒவ்வொரு நாளும் உதவுகிறது.

பீம் ஒன்று ஆயிரம் கிலோ தாங்கவேண்டும் என்றால் ஆயிரத்துக்கு மட்டும் கணித்துக் கட்டமாட்டோம். அதைவிடக் கூடுதலாகத் தாங்கும்படி செய்வோம். பாதுகாப்புக்காக விடும் அந்த மேலதிகத்தைக் கடனிலும் விடவேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் சொன்னேன். எங்கள் தீவில் வருமானம் வருடம் முழுதும் ஒரே மாதிரி வருவதில்லை. வாடைக் காலம் ஒரு மாதிரி, சோளகம் வீசும் காலம் வேறு மாதிரி. நல்ல மாதத்து வருமானத்தை வைத்துத் தவணை போட்டால் காற்று மாறிய மாதத்தில் முறியும். ஆகவே மிகக் குறைந்த வருமானம் வரும் மாதத்தைக் கேட்டு, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகாமல் பார்க்கத் தொடங்கினோம்.

இரண்டாவது, இடத்துக்குப் போய்ப் பார்ப்பது. கடதாசியில் கடன் கொடுக்காமல், ஆடு வளர்க்கக் கடன் என்றால் கொட்டிலைப் பார்ப்பது. கோழி என்றால் தண்ணீர் எங்கிருந்து என்று கேட்பது.

மூன்றாவது, கட்டம் கட்டமாகக் கொடுப்பது. வீட்டுத் தவணை போலத்தான். முழுக் காசும் ஒரே நாளில் கைக்கு வந்தால் பாதி வேறு எங்கோ போய்விடும்.

இந்த முறையில் நான் எழுதிய முதற் கடன்களில் ஒன்று அந்த அக்காவுடையது. 2016இல் மூன்று கடன்களிலும் மீதி 31,000, 18,500, 40,500 ஆக மொத்தம் 90,000 ரூபா நின்றது. சங்கம் 90,000 ரூபாவை வருடம் 12 வீதத்தில், குறைந்து செல்லும் மீதிக்கு, 36 மாதத்துக்குக் கொடுத்தது. மாதம் முதல் 2,500, முதல் மாத வட்டி 900. ஆகக் கூடிய தவணை 3,400 ரூபா. பிறகு மாதத்துக்கு 25 ரூபாவாகக் குறைந்துகொண்டே வந்தது. மாதம் 14,500 கேட்ட இடத்தில் 3,400. மூன்று வருட வட்டி முழுவதும் 16,650 ரூபா.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று அட்டைகளும் மூடப்பட்டதை நான் என் கண்ணால் பார்க்கவேண்டும். மூன்று இடத்துக்கும் அவரோடு நானே போனேன். கடைசி அட்டையில் முத்திரை விழுந்ததும் அக்கா அதைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

நாட்டையே தொட்ட பிரச்சினை

இது ஒரு அக்காவின் கதை மட்டுமல்ல. வங்காளதேசத்தில் முஹம்மது யூனுஸ் 1983இல் கிராமீன் வங்கியை அமைத்தபோது, ஈடு வைக்க ஒன்றுமில்லாத ஏழைப் பெண்ணுக்கும் கடன் கிடைக்கவேண்டும் என்பதே நோக்கம். 2006இல் அவருக்கும் வங்கிக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த வழியைப் பின்பற்றிய எல்லோருக்கும் அதே நோக்கம் இருக்கவில்லை. ஆந்திரப் பிரதேசத்தில் கடன் வசூலிப்பால் பெண்கள் பட்ட துன்பத்தைத் தொடர்ந்து 2010இல் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து கட்டுப்படுத்தியது.

எங்கள் நாட்டில் 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, தவணை தவறிய நுண்நிதிக் கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டது. பின்னர் 2022 ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்ததை நாம் எல்லோரும் அனுபவித்தோம். கடன் என்பது படிக்காத பெண்ணின் குற்றம் என்று பேசுபவர்களுக்கு இதை நினைவூட்டுவேன்.

ஒப்பமிட முன் கேளுங்கள்

எந்தக் கடனுக்கும் ஒப்பமிட முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

வட்டி நிலையானதா, மீதிக்கு மட்டுமா? கையில் தருவது எவ்வளவு, கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு? முன்னதாகக் கட்டி முடித்தால் வட்டி குறையுமா? பிந்தினால் தண்டம் எவ்வளவு? நான் யாருக்குப் பிணை நிற்கிறேன், அவர் கட்டாவிட்டால் எனக்கு என்ன நடக்கும்? ஒப்பந்தம் எனக்கு விளங்கும் மொழியில் இருக்கிறதா, ஒரு பிரதி தருவீர்களா?

பதில் சொல்ல மனமில்லாதவரிடம் கடன் வாங்காதீர்கள். கேட்பதற்குப் பயமாக இருந்தால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

தொழில் மாற நினைக்கும் பிள்ளைகளுக்கு

இன்று எங்கள் பிள்ளைகள் கிளிநொச்சியில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்திலேயே படிக்கிறார்கள். அதைப் பார்க்க நெஞ்சு நிறைகிறது. அவர்களில் ஒருத்தி நாளைக்கு வங்கிக்கோ காப்புறுதிக்கோ கணக்காய்வுக்கோ போக விரும்பினால் தாய்மார் பதறவேண்டாம். ஆனால் பிள்ளைகளே, நீங்களும் சில விடயங்களை யோசியுங்கள்.

இருக்கும் வேலையில் சலிப்பு என்பதற்காக மட்டும் மாறாதீர்கள். போகும் இடத்தில் என்ன செய்யப்போகிறேன் என்று தெரிந்துகொண்டு மாறுங்கள். வேலையை விட முன்பே மாலை வகுப்பிலோ வார இறுதியிலோ கணக்கியலைத் தொடங்குங்கள். உங்கள் ஊர்ச் சங்கம் ஒன்றின் கணக்கை ஒரு வருடம் சம்பளம் இல்லாமல் எழுதிப் பாருங்கள். அதிலேயே உங்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். குறைந்தது மூன்று மாதச் செலவைக் கையில் வைத்திருங்கள். சம்பளம் முதலில் இறங்கும் என்பதை வீட்டாருக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள். பொறியியலில் இருந்து வந்தவள் என்ற கர்வம் வேண்டாம், வெட்கமும் வேண்டாம்.

பெரியம்மா இன்று இல்லை. இருக்கும்வரை என்னை “எஞ்சினியர் பிள்ளை” என்றுதான் ஊருக்குச் சொன்னார். நான் திருத்தவில்லை.

அக்கா 2019இல் கடனைக் கட்டி முடித்தார். அதன்பின் சேமிப்பில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மரம் வாங்கி அந்த அறைக்குக் கூரை போட்டார். யன்னலுக்கு இன்னும் கதவு இல்லை. பழைய சீலை ஒன்று தொங்குகிறது. மகள் விட்ட படிப்பைத் தொடர முடியவில்லை. அது எனக்கு இன்றும் மனதில் உறுத்தும் ஒன்று. ஆனால் தையல் பழகி, அந்த அறையிலேயே ஒரு மெசினைப் போட்டுத் தைக்கிறாள். சென்ற மாதம் சங்கத்துக்கு வந்து மோட்டார் பூட்டிய மெசின் வாங்கக் கடன் கேட்டாள். விண்ணப்பத்தை நீட்டினேன். அவள் பேனையை எடுக்கவில்லை.

“அன்ரி, வட்டி நிலையானதோ, மீதிக்கு மட்டுமோ?” என்று கேட்டாள்.

கதிரையை இழுத்துப் போட்டு, பக்கத்தில் இருந்து கணக்கைக் காட்டினேன்.